பாக்குவெட்டி முதல் அடிபம்பு வரை: வீட்டு நெம்புகோல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெம்புகோல் பாடம் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. மூன்று வகை, வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டு, தேர்வில் சில மதிப்பெண். அந்த வகைகளின் பெயரை மறந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டு தூரங்களை அளக்கத் தெரிந்தால் போதும் என்பது என் கருத்து. பிள்ளைகளும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு அந்த வழியிலேயே பதில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு அடிஸ்கேலை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நெம்புகோல் என்றால் கடப்பாரை மாதிரி நீளமான கம்பிதானா?

கம்பியாக இருக்க வேண்டும் என்று இல்லை. எளிதில் வளையாத ஒரு பொருள், அது அசையாமல் ஊன்றிச் சுழல ஓர் இடம், நாம் அழுத்தும் அல்லது இழுக்கும் இடம், அந்த விசை போய் வேலை செய்யும் இடம். இவ்வளவு இருந்தால் அது நெம்புகோல். கதவும் நெம்புகோல்தான், நகவெட்டியும் நெம்புகோல்தான்.

சுழலும் இடத்தைப் பாடப்புத்தகம் ஆதாரப்புள்ளி என்கிறது. அங்கிருந்து கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? பளு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? முதல் தூரத்தை இரண்டாவது தூரத்தால் வகுத்தால், நம் விசை எத்தனை மடங்காகிறது என்று தெரிந்துவிடும். 150 செ.மீ. நீளக் கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கு அடியில் நுழைத்து, நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுக்கிறோம். கை இருப்பது 140 செ.மீ. தூரத்தில், கல் இருப்பது 10 செ.மீ. தூரத்தில். அதாவது 14 மடங்கு. 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் கல்லின் மேல் 280 கிலோ அளவுக்கு விசை ஏறுகிறது. (விசையை நியூட்டனில் சொல்வதுதான் முறை. வீட்டுப் பேச்சுக்குக் கிலோ வசதி என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.)

மனிதர்கள் எழுதக் கற்பதற்கு முன்பே நெம்பத் தெரிந்தவர்கள். இந்தத் தூரக் கணக்கை முறையாக நிறுவிக் காட்டியவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ்.

மூன்று வகைகளையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

நடுவில் இருப்பது எது என்று மட்டும் பாருங்கள். ஆதாரம் நடுவில் இருந்தால் முதல் வகை: கத்தரிக்கோல், தராசு, கடப்பாரை. பளு நடுவில் இருந்தால் இரண்டாம் வகை: பாக்குவெட்டி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. கை நடுவில் இருந்தால் மூன்றாம் வகை: துடைப்பம், தூண்டில். தேர்வுக்கு இது போதும்.

பாக்குவெட்டியில் பாக்கை ஏன் மூட்டுப் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும்?

நம் வீடுகளில் நெம்புகோலைச் சொல்லித்தர இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. பாக்குவெட்டியின் இரண்டு கைகளும் ஒரு முனையில் மூட்டப்பட்டிருக்கும். அதுதான் ஆதாரம். பாக்கு நடுவில், நம் பிடி மறுமுனையில். மூட்டிலிருந்து பிடி 15 செ.மீ., பாக்கு 5 செ.மீ. என்றால் 3 மடங்கு. பாக்கை 3 செ.மீ. தூரத்துக்குத் தள்ளினால் 5 மடங்கு. அதே கை, அதே பிடி. பாக்கு மட்டும் 2 செ.மீ. நகர்ந்திருக்கிறது.

அப்படியானால் முழுக் கொட்டைப்பாக்கையும் மூட்டை ஒட்டியே வைத்துவிடலாமே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இரண்டரை செ.மீ. பருமனுள்ள கொட்டையை மூட்டிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் வைக்க வேண்டும் என்றால் வாய் அங்கே இரண்டரை செ.மீ. திறந்திருக்க வேண்டும். அதே விகிதத்தில் பிடிப் பக்கம் பன்னிரண்டரை செ.மீ. விரிந்துவிடும். அவ்வளவு அகலத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து அழுத்த முடியாது. 5 செ.மீ. தூரத்தில் வைத்தால் பிடி ஏழரை செ.மீ. மட்டுமே விரியும், கைக்குள் அடங்கும். ஆகவே முழுக் கொட்டையைச் சற்று வெளியே வைத்துப் பிளந்துவிட்டு, அதன்பின் பாதித் துண்டை உள்ளே தள்ளிச் சீவுவதுதான் கணக்குக்கு ஒத்துவரும் வழி. விசை கூடக்கூட நம் கை நகர வேண்டிய தூரமும் கூடும். எந்த நெம்புகோலை எடுத்தாலும் இந்தப் பேரம் உண்டு.

டின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினால் திறக்கிறது, ஆனால் கரண்டி வளைந்துவிடுகிறது. ஏன்?

அங்கே நீங்கள் உண்டாக்கும் விசை நினைப்பதைவிடப் பெரிது. டின்னின் விளிம்புதான் ஆதாரம். விளிம்புக்கும் மூடியைத் தூக்கும் நுனிக்கும் இடையே அரை செ.மீ.தான் இருக்கும். கை 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. இது 30 மடங்கு. 2 கிலோ அழுத்தத்துக்கு மூடியில் 60 கிலோ. இந்த இழுபறி முழுவதையும் தாங்க வேண்டியது விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் காம்பு. தேநீர்க் கரண்டியின் காம்பு மெல்லிய தகடு, அதனால் வளைகிறது.

தட்டை முனையுள்ள திருப்புளியை எடுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி நெம்பாமல், மூடியைச் சுற்றி நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். கத்தி முனை வேண்டவே வேண்டாம். கத்தியின் எஃகு வளையாது, முறியும். முறிந்த துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

கத்தரிக்கோலில் தடித்த அட்டையை நுனியால் வெட்ட முடியவில்லை. கூர் மழுங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அட்டையைத் திருகாணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெட்டிப் பாருங்கள். நுனி 10 செ.மீ. தூரம், திருகாணியை ஒட்டிய இடம் 2 செ.மீ. தூரம் என்றால் அங்கே ஐந்து மடங்கு விசை கிடைக்கிறது. தகரம் வெட்டும் கத்தரிக்கு வாய் குட்டையாகவும் பிடி நீளமாகவும் இருப்பது இதனால்தான். தலைமுடி வெட்டும் கத்தரியில் வாய் நீளம். முடிக்குப் பெரிய விசை தேவையில்லை, ஒரே வீச்சில் நிறைய வெட்டினால் போதும்.

நகவெட்டி எந்த வகை?

ஒரே வகை இல்லை. இரண்டு நெம்புகோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நகவெட்டியைப் பக்கவாட்டில் பிடித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்.

மேலே புரட்டித் தூக்கும் சின்னக் கைப்பிடி முதல் நெம்புகோல். அதன் முன்முனை ஒரு குச்சி ஆணியின் தலையில் மாட்டியிருக்கும். ஆணிக்கு மூன்று நான்கு மி.மீ. பின்னால், கைப்பிடியின் அடிப்புறத்தில் ஒரு மேடு இருக்கும். அந்த மேடு மேல் தகட்டை அழுத்துகிறது. ஆணி ஆதாரம், மேடு பளு, விரல் மறுகோடியில். விரலுக்கும் ஆணிக்கும் நாலு செ.மீ. இருந்தால் பத்து மடங்குக்கு மேல்.

கீழே இருக்கும் இரண்டு தகடுகளும் பின்முனையில் இணைந்திருக்கின்றன. வெட்டும் வாய் முன்முனையில். மேட்டின் அழுத்தம் இரண்டுக்கும் நடுவில், வாய்க்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. ஆக இது மூன்றாம் வகை. இங்கே விசை கொஞ்சம் குறைகிறது, ஆனால் அழுத்தும் இடம் வாய்க்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் இழப்பு சிறிது. விரலை எடுத்ததும் வாய் தானாகத் திறப்பது தகடுகளின் வில் போன்ற மீள் குணத்தால்.

ஒரு விரல் நீளப் பொருளுக்குள் இவ்வளவையும் அடக்கிய வடிவமைப்பு எனக்கு எப்போது பார்த்தாலும் பிடித்துப்போகிறது.

துடைப்பத்திலும் சப்பாத்தி இடுக்கியிலும் விசை குறைகிறது என்றால் அவற்றால் என்ன பயன்?

வீச்சு. துடைப்பத்தின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கை அசையாத ஆதாரம். கீழ்க்கை ஒரு சாண் நகர்ந்தால் துடைப்பத்தின் நுனி மூன்று நான்கு சாண் வீசுகிறது. தூசிக்கு விசை எதற்கு? வேகமும் பரப்பும்தான் வேண்டும்.

ஒரே தகட்டை வளைத்துச் செய்த சப்பாத்தி இடுக்கியும் அப்படித்தான். பின்னால் வளைவு ஆதாரம், நடுவில் விரல்கள், நுனியில் சப்பாத்தி. விரலின் அழுத்தத்தில் ஒரு பங்குதான் நுனிக்குப் போகும், அதனால் உப்பிய சப்பாத்தி நசுங்காது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் இடுக்கி இதற்கு நேர்மாறு: கத்தரிக்கோல் மாதிரி வாய்க்குப் பக்கத்தில் ஆணி, பின்னால் நீளக் கால்கள். வாய் 4 செ.மீ., கால் 16 செ.மீ. என்றால் பிடி நாலு மடங்கு இறுகும். சாம்பார் நிறைந்த பாத்திரம் நழுவக் கூடாதே.

கைப்பிடி நீளமாக இருந்தால் எப்போதும் நல்லதுதானே?

இல்லை. சமையலறையில் மணிக்கட்டு வலி என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பால் நிறைந்த, மொத்தம் 3 கிலோ உள்ள நீளக்காம்புப் பாத்திரத்தை ஒரு கையால் தூக்குகிறீர்கள். காம்பின் மேல் உங்கள் உள்ளங்கை பிடித்திருக்கும் அகலம் 8 செ.மீ.தான். முன்பக்கம் ஆள்காட்டி விரல் ஆதாரமாகிறது. பின்பக்கம் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை காம்பைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. பாத்திரத்தின் நடு விரலிலிருந்து 24 செ.மீ. தள்ளி இருந்தால், உள்ளங்கையின் பின்பகுதி கொடுக்க வேண்டிய அழுத்தம் 9 கிலோ. ஆள்காட்டி விரல் பக்கம் தாங்குவது அந்த ஒன்பதோடு பாத்திரத்தின் மூன்றும் சேர்த்து 12 கிலோ.

இங்கே நெம்புகோலின் குட்டைப் பக்கத்தில் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் காது வைத்த பாத்திரம் வாங்குங்கள், இல்லையென்றால் இன்னொரு கையில் துணி பிடித்து முட்டுக் கொடுங்கள். 12 கிலோ சட்டென்று ஒன்றரை, இரண்டு கிலோவாக இறங்கிவிடும்.

கதவின் கைப்பிடியை ஏன் கீலிலிருந்து தள்ளி ஓரத்தில் வைக்கிறார்கள்?

கீல்தான் ஆதாரம், அதிலிருந்து தள்ளத் தள்ள எளிது. கீலுக்கு ஒரு சாண் பக்கத்தில் கை வைத்து அதே கதவைத் தள்ளிப் பாருங்கள், உடனே புரியும்.

ஆனால் இந்தக் கேள்வியை நான் இங்கே சேர்த்ததற்குக் காரணம் வேறு. சிறு பிள்ளைகள் கீல் பக்கத்து இடுக்கில் விரலை வைப்பார்கள். இன்னொரு பிள்ளை அந்தப் பக்கம் விளையாட்டாகக் கதவைச் சாத்தும். கை இருப்பது 75 செ.மீ. தூரத்தில், விரல் இருப்பது ஒன்றரை செ.மீ. தூரத்தில். இது 50 மடங்கு. 2 கிலோ தள்ளல் விரலின் மேல் 100 கிலோவாக இறங்கும். சாத்துகிற பிள்ளைக்குக் கதவு கொஞ்சம் முட்டுகிறது என்றுதான் தோன்றும், அதனால் இன்னும் அழுத்தும். பாக்குவெட்டியில் பாக்குக்கு நடப்பதுதான் இது.

வீட்டில் குழந்தை இருந்தால் கீல் பக்க இடைவெளியை மூடும் பிளாஸ்டிக் காப்புப் பட்டையைப் போடுங்கள். அதுவரைக்கும் ஒரு தடித்த துண்டைக் கதவின் மேல் விளிம்பில், கீல் இல்லாத பக்கமாகத் தொங்கவிட்டால் கதவு முழுதாகச் சாத்தாது. காற்றில் அறைந்து சாத்தும் கதவுக்கும் இது உதவும்.

மாடித் தொட்டி நிரம்பியதும் தண்ணீர் தானாக நிற்கிறதே, அதிலும் நெம்புகோலா?

மிதவைக் குழாய் வைத்த தொட்டி என்றால் ஆமாம். கழிப்பறை ஃபிளஷ் தொட்டி பலவற்றிலும் இதுதான். ஒரு பந்து, அதைத் தாங்கும் நீளக் கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு ஆணி, ஆணிக்குப் பக்கத்தில் தண்ணீர்த் துளையை அடைக்கும் வாஷர். 11 செ.மீ. விட்டமுள்ள பந்து பாதி முழுகினாலே ஏறக்குறைய 350 கிராம் விசையோடு மேலே தள்ளும். கம்பி 30 செ.மீ., வாஷரை அழுத்தும் இடம் ஆணியிலிருந்து 2 செ.மீ. என்றால் 15 மடங்கு. வாஷர் மேல் ஐந்து கிலோவுக்கும் கூடுதலான விசை. சிறு துளையில் வரும் தண்ணீரை அடைக்க அது தாராளம்.

தொட்டி வழிகிறதா? மூன்றைப் பாருங்கள். பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் குலுங்கினால் பந்து ஓட்டை. ஆணியில் உப்பு படிந்து இறுகியிருக்கிறதா என்று கம்பியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டும் சரி, ஆனாலும் வழிகிறது என்றால் கம்பியைக் கையால் ஏந்தி மேலே அழுத்துங்கள். தண்ணீர் நின்றால் வாஷர் நல்லாயிருக்கிறது. பித்தளைக் கம்பியைப் பந்து கீழே இறங்கும்படி லேசாக வளைத்துவிட்டால் முன்னதாகவே அடைத்துக்கொள்ளும். நிற்கவில்லை என்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது, அதை மாற்றுங்கள்.

தெருவில் இருக்கும் அடிபம்பின் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளமும் கனமும்?

நம் ஊர்த் தெருக்களில் நிற்கும் இரும்பு அடிபம்புகளில் பெரும்பாலானவை இந்தியா மார்க் 2 என்ற வடிவம். 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் தொழிற்சாலைக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. நெம்புகோல் கணக்கை மக்களுக்காகச் செய்த பெரிய வேலை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

கீழே ஆழத்தில் இருந்து தண்ணீரை ஏற்றும் உருளையின் விட்டம் 63.5 மி.மீ. தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ஒவ்வொரு அடிக்கும் தூக்க வேண்டிய தண்ணீர்த் தூணின் எடை ஏறக்குறைய 95 கிலோ. அதோடு கைப்பிடியை உருளையோடு இணைக்கும் 12 மி.மீ. தடிமனுள்ள இரும்புக் கம்பிகளின் எடை இன்னொரு 25 கிலோ போல. மொத்தம் 120 கிலோவை ஒரு பத்து வயதுப் பிள்ளை எப்படித் தூக்கும்? கைப்பிடியின் விகிதம் 8-க்கு 1. அதனால் கையில் 15 கிலோதான் விழுகிறது. கைப்பிடி உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் கெட்டி இரும்பாக இருப்பதால் அதன் எடையே கம்பிகளின் எடையில் பெரும் பங்கைச் சரிக்கட்டுகிறது. கையில் இன்னும் குறையும்.

விலையாக நாம் கொடுப்பது தூரம். கீழே கம்பி 12.5 செ.மீ. ஏற, மேலே கைப்பிடி ஒரு மீட்டர் இறங்க வேண்டும். ஒரு அடிக்குக் கிடைப்பது 400 மி.லி. தண்ணீர். ஒரு குடத்துக்கு முப்பது நாற்பது தடவை அடிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதற்கு முந்தைய தலைமுறை கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்றமும், யாழ்ப்பாணத்துத் துலாவும் இதே நெம்புகோல்தான். அங்கே மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். விசை அதேதான், அவருடைய உடல் எடை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரத்தை மாற்றியே வாளியை ஏற்றி இறக்கிவிடுவார்கள்.

கிணற்றுக் கப்பி நெம்புகோலா? அரிவாள்மணை?

ஒற்றைக் கப்பி இரு பக்கமும் சமத் தூரமுள்ள நெம்புகோல் மாதிரி வேலை செய்கிறது. விசை குறையாது, திசைதான் மாறுகிறது: தூக்குவதற்குப் பதில் இழுக்கிறோம். அரிவாள்மணை நெம்புகோல் இல்லை, ஆப்பு.

முறுக்கை ஏன் கடைவாய்ப் பல்லில் கடிக்கிறோம்?

கீழ்த்தாடை சுழலும் மூட்டு காதுக்கு முன்னால் இருக்கிறது. கடைவாய்ப் பல் அதற்குப் பக்கம், முன்பல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம். கத்தரிக்கோல் அட்டைக் கதைதான்.

கை இதைவிட ஆச்சரியம். முழங்கையை மடக்கி 5 கிலோ பையை ஏந்தி நில்லுங்கள். பை முழங்கையிலிருந்து 35 செ.மீ. தூரத்தில், தசை முன்கையில் பிடித்திருக்கும் இடம் சுமார் 5 செ.மீ. தூரத்தில். தசை இழுக்க வேண்டியது 35 கிலோ, முன்கையின் எடையைச் சேர்க்காமலே. பையை மடியோடு அணைத்துப் பிடித்தால் தூரம் குறையும், தசைக்கு வேலையும் குறையும்.

நெம்புகோலால் நமக்கு ஆற்றல் மிச்சமாகிறதா?

ஆகாது. விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறோம், அல்லது மாறாக. இரண்டையும் பெருக்கினால் வரும் வேலை மாறாது. ஆணியின் உராய்வில் கொஞ்சம் வீணாகவும் செய்கிறது. ஆகவே கத்தரி, இடுக்கி, பாக்குவெட்டி எதுவானாலும் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உணவுப் பொருளுக்கானது என்றால் தேங்காய் எண்ணெய் போதும்.

தராசு சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டுகளை மாற்றிப் போடச் சொல்லுங்கள். எடைக்கல் இருந்த தட்டில் காயையும், காய் இருந்த தட்டில் எடைக்கல்லையும் வைத்தால் முள் மீண்டும் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் தராசின் இரண்டு கைகளும் சம நீளம் இல்லை. காலித் தட்டோடு நேராக நிற்பது மட்டும் அத்தாட்சி ஆகாது, ஏனென்றால் நீளக் குறைவைத் தட்டின் எடையால் மறைத்துவிட முடியும்.

பிள்ளைக்குச் செய்து காட்ட எளிதான சோதனை ஏதாவது?

30 செ.மீ. ஸ்கேலை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்து, அது நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். 15 செ.மீ. கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் 5 செ.மீ. தூரத்தில் இரண்டு நாணயங்களை அடுக்குங்கள். மறுபக்கம் அதே மாதிரி ஒற்றை நாணயத்தை 10 செ.மீ. தூரத்தில் வையுங்கள். சமன்படும். தூரத்தை நாணயத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், விளிம்பிலிருந்து அல்ல. உருண்டை பென்சில் உருளும். ஆறு பட்டை உள்ளது நல்லது.

அது வந்துவிட்டால் அடுத்ததைச் செய்யலாம்: நாணயத்தைக் கொண்டு ஸ்கேலையே எடை போடுவது. ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் நடு 2 செ.மீ. கோட்டில் வரும்படி ஸ்கேலில் ஒட்டுங்கள். இப்போது பென்சிலை நாணயத்தின் பக்கமாக நகர்த்தி, ஸ்கேல் மறுபடி நேராக நிற்கும் இடத்தைத் தேடுங்கள். உதாரணமாக அது 11 செ.மீ. கோட்டில் வந்தால், நாணயம் பென்சிலிலிருந்து 9 செ.மீ., ஸ்கேலின் நடு 4 செ.மீ. பத்து ரூபாய் நாணயத்தின் எடை ஏறக்குறைய 7.7 கிராம். அதை 9-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் ஸ்கேலின் எடை 17.3 கிராம். தெருமுனை நகைக்கடையில் கேட்டால் மின்னணுத் தராசில் போட்டுச் சரிபார்த்துக் கொடுப்பார்கள்.